கோயில் வேம்புக்கு சீரியல் செட் போட்டோம்: அட்வான்ஸ் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்

கிறிஸ்துமஸுக்கு வாசல் மரத்துக்கோ கோயில் மரத்துக்கோ சீரியல் செட் போட ஆள் தேடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். 2024 டிசம்பரில் எங்கள் ஊர்க் கோயிலில் (சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம்) நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு உயிர் போகப் பார்த்தது.

எங்கள் ஊர் பாளையங்கோட்டையிலிருந்து அரை மணி நேரம். கோயில் வாசலில் நாற்பது அடி உயரத்தில் ஒரு வேப்பமரம். அடிமரத்தை இரண்டு பேர் சேர்ந்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பந்தி அதன் நிழலில்தான் நடக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அடித்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த வருடம் நாங்கள் எதையும் கொண்டாடவில்லை. வீடு வீடாகப் பாட்டுப் பாடிப் போகிற கீதபவனியில் சேர்ந்த காணிக்கை முழுவதையும் வெள்ளத்தில் வீடு போனவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். அதனால் அடுத்த வருடம் பிள்ளைகள் எல்லாரும் மரம் முழுக்க லைட் போட்டே ஆக வேண்டும் என்று நின்றார்கள். எனக்கும் ஆசைதான். அலங்காரக் கமிட்டியில் பணப் பொறுப்பு என்னிடம் இருந்தது.

பக்கத்து டவுனில் பந்தல், மைக் செட், லைட் செட் எல்லாம் செய்கிற ஒருவரை யாரோ சொன்னார்கள். வந்தார், மரத்தைச் சுற்றிப் பார்த்தார். "அறுபது செட் போகும் டீச்சர். எல்லாமே வாட்டர்புரூஃப், காப்பர் வயர். மழை அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. புது வருஷம் முடிஞ்ச மறுநாள் நாங்களே வந்து கழட்டிருவோம்" என்றார். மொத்தம் 38,000 ரூபாய். அட்வான்ஸ் 25,000. மீதி 13,000 ரூபாயை விளக்கு எரிந்த அன்றே கொடுத்துவிட்டேன். ரசீது என்று அவர் கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. அதில் 'லைட் வேலை' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

வேலை நடந்த அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தால், ஒரு பையன் அடிமரத்தில் மூன்று அங்குல ஆணியை அடித்துக்கொண்டிருக்கிறான். மேலே இரண்டு பேர் கட்டுக்கம்பியைக் கிளைகளில் சுற்றி, குறடு வைத்து முறுக்குகிறார்கள். கேட்டேன். "பெரிய மரம் டீச்சர், தாங்கும்" என்றார்கள். ஒரு செட்டின் வாலில் இன்னொரு செட்டைச் சொருகி, அதன் வாலில் அடுத்ததைச் சொருகி, பதினாறு செட் வரை ஒரே பிளக்கில் ஓடியது. பிளக் எட்டாத இடங்களில் எல்லாம் வெட்டி முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினார்கள். மறுநாள் மரத்தடியைப் பெருக்கும்போது காலி அட்டைப்பெட்டி ஒன்று கையில் வந்தது. அடியில் சின்ன எழுத்தில் வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தவும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அவருக்கு போன் போட்டேன். "அது பழைய பெட்டி டீச்சர், உள்ள இருந்த சாமான் வேற" என்றார். நம்பினேன்.

எரிய விட்டதும் அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். மெயின் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே மரம் தெரிந்தது. ஆனால் அதில் அடைகிற காக்கைகள் அன்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் கத்திக்கொண்டிருந்தன.

இரண்டாம் நாள் சாயங்காலம் லேசான தூறல். ஐந்தே நிமிடத்தில் மெயின் போர்டில் இருக்கிற டிரிப்பர் விழுந்து லைட் அணைந்தது. தூக்கிவிட்டோம். மறுபடி விழுந்தது. போன் பண்ணினோம், ஒரு பையனை அனுப்பினார். அவன் மெயின் போர்டைத் திறந்து பார்த்து, "டிரிப்பர் போயிருச்சு டீச்சர், பழசு" என்று சொல்லி, அதில் இருந்த வயர்களைக் கழற்றி நேராகச் சேர்த்துவிட்டான். லைட் வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த டிரிப்பர் பழசே இல்லை. மாட்டி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அது கெட்டுப்போகவும் இல்லை. செய்ய வேண்டிய வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கே அப்போது தெரியாது. போர்டில் இருக்கிற எம்.சி.பி. சுவிட்ச் லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோதான் விழும். ஆறு ஆம்பியர், பத்து ஆம்பியர் என்று அதற்கு ஒரு கணக்கு. ஆனால் ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கு மின்சாரம் போதும். ஈர மரம், இரும்புக் கேட், மனித உடம்பு என்று எதன் வழியாகவாவது கரண்ட் பூமிக்குக் கசிந்தால் அதைக் கண்டுபிடித்து அணைப்பது ஆர்.சி.சி.பி. அதைத்தான் நாம் டிரிப்பர் என்கிறோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். மலிவான சீரியல் செட்டில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 230 வோல்ட் நேராக அந்த மெல்லிய வயருக்குள்தான் ஓடுகிறது. தூறலில் டிரிப்பர் விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அதைக் கழற்றி நேராகக் கொடுப்பவன் எலக்ட்ரீஷியனே இல்லை.

மறுநாள் விடியற்காலை நாலரை மணி. மணி அடிக்கிற தாத்தா வழக்கம்போலக் கேட்டைத் திறக்க வந்திருக்கிறார். கோயிலுக்கு அவர் செருப்புப் போட்டு வருவதில்லை. தரை ஈரம். மரத்துக்குப் போகிற வயரை இரும்புக் கேட்டின் வளைவு மேலேதான் இழுத்திருந்தார்கள், டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட் சரியாக அந்த வளைவின் மேல். கேட்டைப் பிடித்த கை விடவில்லை. முழங்கால் மடங்கி உடம்புக் கனத்தில் கீழே சரிந்தபோதுதான் கை பிரிந்திருக்கிறது. பால்காரர் பார்த்துச் சத்தம் போட்டார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். ஈ.சி.ஜி. எடுத்து ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வலது உள்ளங்கையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கருகிய தழும்பு இன்னும் இருக்கிறது. விரல் மதமதப்பு போகவில்லை என்கிறார்.

மெயினை அணைத்துவிட்டு, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் சபை அண்ணன் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்தார். கேட்டின் மேல் இருந்த டேப்புக்குள் தண்ணீர் நின்றது. பிளேடால் வயரைச் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு. காப்பர் என்று காசு வாங்கிக்கொண்டு கொடுத்தது அதுதான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மரம் இருட்டாகவே நின்றது. லைட் செட்காரர் ஒரு தடவைகூட வந்து தாத்தாவைப் பார்க்கவில்லை. "ஈரக் கையோட தொட்டா யாருக்கும்தான் அடிக்கும்" என்றார். அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஜனவரியில் கழற்ற வரச் சொன்னால், கழற்றுவதற்குக் கூலி தனி, 6,000 ரூபாய் என்றார். அப்புறம் போனே எடுக்கவில்லை. தென்னை ஏறுகிற ஒருவரைப் பிடித்து நாங்களே கழற்றும்போது மார்ச் பிறந்துவிட்டது. நாற்பத்து மூன்று ஆணி பிடுங்கினோம். கட்டுக்கம்பி சில கிளைகளில் பட்டையை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. இலையில் தயாராகும் உணவு வேருக்குப் போவது பட்டையை ஒட்டிய உள்தோல் வழியாகத்தான். சுற்றிலும் அது அறுந்து கம்பி உள்ளே இறங்கினால் அதற்குமேல் கிளை பிழைப்பது கஷ்டம். இரண்டு கிளை ஆடிக்குள் காய்ந்து போயிற்று. வெட்டிப் போட்டோம்.

புகார் கொடுத்திருக்கிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். ஆனால் எங்கள் கையில் இருப்பது அந்தத் துண்டுச்சீட்டும், ஜிபே பதிவும், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு குரல் செய்தியும்தான். என்ன சாமான், எத்தனை செட், எந்த வயர், எப்போது கழற்றுவது என்று எழுதி வாங்கியிருந்தால் வேலை எளிதாக இருந்திருக்கும். மூன்றில் ஒரு பங்குப் பணத்தைக் கழற்றிய பிறகுதான் கொடுங்கள்.

சாமானைத் தரையில் வைத்தே பாருங்கள், மரத்தில் ஏறிய பிறகு பார்க்க முடியாது. தூசியும் தண்ணீரும் எந்த அளவுக்கு உள்ளே போகாது என்பதைச் சொல்கிற எண்தான் ஐ.பி., பெட்டியில் ஐ.பி. 65 என்றோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஐ.பி. 20 என்றால் அது வீட்டுக்குள் எரிகிற சாமான். அடாப்டரோடு 24 வோல்ட்டில் எரிகிற செட் கிடைக்கிறது, விலை கூடத்தான், ஆனால் பிள்ளைகள் விளையாடுகிற மரத்துக்கு அதைத்தான் கேளுங்கள். அடாப்டரை மழை படாத இடத்தில் வையுங்கள். ஜாயின்ட் எதுவும் தரையிலோ இரும்பு மேலோ இருக்கக் கூடாது. ஆணி வேண்டாம், கம்பி வேண்டாம், பருத்திக் கயிற்றால் தளர்வாகக் கட்டினாலே நிற்கும். ராத்திரி பத்து மணிக்கு அணைத்துவிடுங்கள், பறவைகள் தூங்கட்டும். டிரிப்பர் விழுந்தால் அன்றைக்கு லைட் வேண்டாம். காய்ந்த பிறகு ஒவ்வொரு செட்டாகப் போட்டுப் பார்த்து, கசிகிறதைக் கழற்றி எறியுங்கள்.

இந்த வருடமும் அதே ஆள் எங்கள் சுற்றுவட்டாரத்துக் கோயில்களில் கொட்டேஷன் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். விலை 35,000 என்று குறைத்திருக்கிறாராம். உங்கள் கமிட்டியிலும் அப்படி ஒரு கொட்டேஷன் வந்திருந்தால், ஒரு செட்டைக் கொண்டுவரச் சொல்லி, அவர் முன்னாலேயே பிளேடால் வயரைச் சுரண்டிப் பாருங்கள்.