எஸ்கியூலைட்: ரப்பர் கடைக் கணக்கில் மூன்று வருடம்

குலசேகரத்தில் அத்தான் வைத்திருக்கும் ரப்பர் ஷீட் கடைக்கு எஸ்கியூலைட் (SQLite) என்ற சின்னத் தரவுத்தளத்தில் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து மூன்று வருடமாகிறது. சர்வர் கிடையாது. மொத்தக் கணக்கும் ஒரே ஃபைல். கடை சாத்தும்போது பென் டிரைவில் ஒரு காப்பி. மழைக்காலத்தில் கரண்ட் எத்தனையோ தடவை பாதியில் போயிருக்கிறது, ஃபைல் ஒருநாளும் கெட்டதில்லை. இதற்கு முழு மார்க்.

வம்பு வந்தது ஃபாரின் கீயில், அதாவது ஒரு டேபிளின் வரியை இன்னொரு டேபிளில் உள்ள ஆளோடு கட்டும் இணைப்பில். ஒரே பெயரில் இரண்டு தோட்டக்காரர்கள், ஒருவர் பேச்சிப்பாறை, இன்னொருவர் திற்பரப்பு. ஒரே ஆளை இரண்டு தடவை ஏற்றிவிட்டோம் என்று நினைத்து அத்தான் ஒருவரை அழித்துவிட்டார். அவர் போட்ட ஷீட், ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்துபோகும் ரப்பர்) எடையெல்லாம் அப்படியே நின்றன. கணக்கு முடிக்கும் அன்று ஃபோன்: "மக்கா, எடை இருக்கு, ஆளக் காணல."

எடை டேபிளில் இந்த இணைப்பைச் சொல்லும் 'ரெஃபரன்சஸ்' ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் பழைய ப்ரோகிராம்கள் உடையக் கூடாது என்று எஸ்கியூலைட்டில் இணைப்பு அறாமல் பார்க்கும் காவலை அணைத்தே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கனெக்‌ஷன் திறந்ததும் 'பிரக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்' என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். டிரான்ஸாக்‌ஷன் நடுவில் (பல மாற்றங்களை ஒரே மூட்டையாகச் செய்யும்போது) கொடுத்தால் எர்ரரும் வராது, வேலையும் நடக்காது. ஆவணத்தில் தெளிவாகவே இருக்கிறது, படிக்காதது நான்தான்.

இன்னொரு கூத்து: முன்பண டேபிளில் யோசிக்காமல் 'கேஸ்கேட்' (ஆளை அழித்தால் அவர் வரிகளும் சேர்ந்து அழியும்) போட்டிருந்தேன். எடை இருக்கிற இவரைக் காவல் எப்படியும் அழிக்க விட்டிருக்காது. ஆனால் காவல் ஆனில் இருந்து, எடை எதுவும் போடாமல் முன்பணம் மட்டும் வாங்கியவரை அழித்திருந்தால் அந்த முன்பணமும் சேர்ந்து அழிந்திருக்கும்.

மீட்டுக் கொடுத்தது 'பிரக்மா ஃபாரின்_கீ_செக்'. எந்த டேபிளில் எந்த வரி, எந்த டேபிளில் ஆள் இல்லை என்று கொட்டிவிட்டது. அழிந்த அதே எண்ணில் அவரைத் திரும்பச் சேர்த்ததும் எடையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

கேஸ்கேட்டை 'ரெஸ்ட்ரிக்ட்' (வரி இருந்தால் ஆளை அழிக்க விடாது) ஆக்கத்தான் பாடு. இருக்கிற டேபிளில் அதை மாற்ற, டேபிளைத் திருத்தும் 'ஆல்டர்' கட்டளை உதவாது. புது டேபிள் போட்டு, தரவைக் கொண்டுபோய், பழையதை நீக்கி, பெயரை மாற்ற வேண்டும். எர்ரர் வந்தாலும் 'ஃபாரின் கீ கன்ஸ்ட்ரெயின்ட் ஃபெயில்ட்' என்ற ஒரே வரிதான், எந்தக் கீ என்று சொல்லாது. அதனால் ஒரு ஸ்டார் குறைக்கிறேன்.

அந்த வரி வந்தால், "இவர் பேரில் கணக்கு இருக்கு, அழிக்க முடியாது" என்று திரையில் காட்ட வைத்திருக்கிறேன். அத்தான் இப்போது பெயரோடு ஊரையும் சேர்த்தே அடிக்கிறார்.