அரிப்பு: கோட்டையை அல்ல, ஆற்றைப் பார்த்துத் தொடங்குங்கள்

மன்னாருக்குத் தெற்கே, அருவி ஆறு கடலில் விழும் இடத்தில் இருக்கிறது அரிப்பு. வருகிறவர்களில் அநேகர் நேரே 'அல்லிராணி கோட்டை'க்குப் போய் நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது வீணான பயணம். ஆற்றுவாய், பழைய கோட்டை, அதன்பிறகு அல்லிராணி கோட்டை என்ற வரிசையில் நடந்தால்தான் இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்பது பிடிபடும்.

அருவி ஆறு அநுராதபுரத்தைத் தொட்டு வருவது. சிங்களத்தில் மல்வத்து ஓயா. நீளம் 164 கிலோமீற்றர். மழைக்காலத்தில் கரை முட்ட ஓடும் ஆறு, ஆவணியில் மணலாகத்தான் கிடக்கும். வெயில் மட்டும் காரணமில்லை, தேக்கம் அணைக்கட்டில் மறிக்கும் தண்ணீர் கட்டுக்கரைக் குளத்துக்குப் போய்விடுகிறது. ஆறாகவே பார்க்க வேண்டுமானால் தை, மாசியில் போங்கள். மார்கழியில் வெள்ளச் செய்தி கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1679 ஒக்டோபரில் தப்பி வந்தது இந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டுதான். காட்டில் வழி கேட்க ஆளில்லை, ஆறு எப்படியும் கடலுக்குக் கொண்டுபோய் விடும் என்பது அவர் கணக்கு. கணக்குத் தப்பவில்லை, வந்து சேர்ந்தது அரிப்பில் ஒல்லாந்தர் வைத்திருந்த கோட்டைக்கு.

அந்தக் கோட்டை போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. சிறியது, ஏறத்தாழச் சதுரம், இரண்டே கொத்தளம். யாழ்ப்பாணக் கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இருபது நிமிடத்தில் சுற்றிவிடலாம். சுவர்மேல் ஏறாதீர்கள், கல் பிடிமானம் விட்டுக் கிடக்கிறது.

அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே அரை மணித்தியால நடை. நடையின் உயிர் இங்கேதான். வலது கைப்பக்கக் கடலுக்கு அடியில் முத்துச்சிப்பி விளைந்த பார்கள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகள், இருக்கின்றன: பெரிய பார், சேவல் பார், இன்னும் பல. பருவக்காற்று ஓய்ந்து கடல் அமரும் மாசி, பங்குனியை ஒட்டித்தான் முத்துக்குளிப்பு. ஆங்கிலேயர் காலத்தில் அள்ளி வந்த சிப்பியைக் கரையில் 'கொட்டு' என்ற வேலியடைப்புக்குள் மூன்று பங்காகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளியாட்களுக்கு. சிப்பியை அழுகவிட்டுக் கழுவித்தான் முத்து எடுப்பது. அந்த நாற்றம் கரை முழுக்க நின்றிருக்கும். எல்லா வருடமும் சிப்பி விளையாது, இதனால் வருடக்கணக்கில் குளிப்பே நடக்காத காலங்களும் உண்டு.

இந்தக் குளிப்பை மேற்பார்க்கத் தங்குவதற்குத்தான் முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடறிக் நோர்த் 1802க்கும் 1804க்கும் இடையில் மாளிகை கட்டினார். அல்லிராணி கோட்டை என்று நாங்கள் சொல்வது அதைத்தான். இது அல்லி அரசாணியின் கோட்டை என்ற கதை நாட்டார் வழக்கில் வாழட்டும், ஆனால் கூட வரும் பிள்ளைகளுக்குக் கட்டியவர் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். கிரேக்கப் பாணித் தூண்கள், உள்ளே வெறும் செங்கல். மேலே சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு. பூச்சு உதிர்ந்த தூணில் செங்கல் அடுக்கு எப்படி வளைத்து வைக்கப்பட்டது என்பது தெளிவாகத் தெரிகிறது. கட்டட வேலை தெரிந்தவர்கள் இந்த இடத்தை விட்டு இலேசில் நகரமாட்டார்கள்.

இப்போது நிற்பது மிச்சம் மட்டுமே. மண் மேட்டின் விளிம்பைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது, விழுந்த சுவர்த் துண்டுகள் கீழே மணலில் கிடக்கின்றன. விளிம்புக்குக் கிட்டப் போகக்கூடாது. மேலே புல் இருந்தாலும் அடியில் மண் இராது. சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலை மேட்டின் அடிவரை ஏறும், கீழே இறங்கி நடக்க நினைக்காதீர்கள். படத்துக்குக் காலையில் தரைப்பக்கமும் பின்னேரம் கடல்பக்கமும் வெளிச்சம் நல்லது. மதிய வெயிலில் ஒன்றும் சரிவராது.

போகும் வழி: மன்னாரிலிருந்து சிலாவத்துறைப் பக்கம் போகும் பஸ்ஸில் அரிப்பில் இறங்கலாம். சொந்த வாகனமென்றால் தள்ளாடியில் வங்காலைப் பக்கம் திரும்புங்கள். மாரியில் வங்காலைச் சதுப்பில் பூநாரைக் கூட்டம் நிற்கும். வவுனியாவிலிருந்து வருவோர் மன்னார் வரை போகத் தேவையில்லை, முருங்கனில் நானாட்டான் பக்கம் திரும்பலாம். எரிபொருளை முன்னரே நிரப்புங்கள். மோட்டார் சைக்கிளைப் பற்றைக்குள் விட்டால் உடைமுள் ரியூப்பைப் பதம் பார்த்துவிடும், தார் வீதியோரம் நிறுத்திவிட்டு நடப்பதே புத்தி. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, மூடிய செருப்பு கட்டாயம். நடைவழியில் நிழல் மிகக் குறைவு. சாப்பாட்டை மன்னாரிலோ முருங்கனிலோ கட்டிக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தையோடும் முழங்கால் நோவுள்ள முதியவரோடும் வருகிறவர்கள் கரையோர நடையை விட்டுவிட்டு ஓட்டோவில் அல்லிராணி கோட்டைக்குப் போகலாம், பெரிய நட்டமில்லை. மற்றவர்களுக்கு மூன்று மணித்தியாலம் போதும். பஸ்ஸில் வருவோர் பின்னேர பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வையுங்கள்.