கலாத்தியர் நிருபத்தோடு எட்டுச் சனிக்கிழமைகள்: ஒரு வேதபாட வகுப்பைப் பற்றி

சென்னையில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஓர் ஆலயத்தின் கூடத்தில், புதிய ஏற்பாட்டில் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்குப் பவுல் எழுதிய கடிதமான கலாத்தியர் நிருபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எட்டுச் சனிக்கிழமை மாலைகள் வேதபாட வகுப்பு நடந்தது. கட்டணம் 300 ரூபாய். குறிப்பேடும் தேநீரும் அதிலேயே அடக்கம். இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடு கற்பித்து ஓய்வுபெற்ற ஐயர் (சபைப் போதகர்) ஒருவர் நடத்தினார். அடுத்த சுற்று, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களுக்கு முன்பே தொடங்கவிருப்பதால், சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் வளர்ந்த சபையில் நகை அணிந்தவருக்கு இராப்போஜனம் (இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் சடங்கு) கிடையாது. சித்தியின் திருமணத்துக்காக அம்மா ஒரே ஒரு நாள் கம்மல் போட்டதை யாரோ போய்ச் சொல்லிவிட, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பமும் ரசமும் அவரைத் தாண்டிப் போயின. காதுத் துவாரம் தூர்ந்துவிடாமலிருக்க அவர் செருகியிருந்த வேப்பங்குச்சித் துண்டுக்குக்கூட மூப்பர்கள் விளக்கம் கேட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது பத்து வயது. இரட்சிப்பு, அதாவது பாவத்திலிருந்து மீட்பு, கடவுள் இலவசமாய்த் தரும் தயவான கிருபையினால் என்று பாடிய அதே வாய்கள் அந்தக் கேள்விகளை எப்படிக் கேட்டன என்பது பல ஆண்டுகளாக எனக்குப் புரியாமலேயே இருந்தது.

ஆறு அதிகாரங்கள், 149 வசனங்கள் கொண்ட சிறிய நிருபத்துக்கு எட்டு வாரம் அதிகம் என்றுதான் முதலில் நினைத்தேன். பவுல் தம் மற்ற நிருபங்களில் வாழ்த்துக்குப் பின் வழக்கமாகச் சொல்லும் நன்றியுரை இதில் இல்லை, நேரே கண்டனத்துக்குப் போய்விடுகிறார் என்பதை ஐயர் முதல் நாளே சுட்டிக்காட்டியபோது, அவசரமில்லாமல் படிப்பதன் அருமை தெரிந்தது. விருத்தசேதனம் (ஆண்குறியின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்துகொண்டால்தான் யூதரல்லாத புறஜாதியார் முழுமையான விசுவாசிகள் ஆவார்கள் என்று சிலர் போதித்ததே அந்தக் கோபத்துக்குக் காரணம்.

மூன்றாம் வாரத்துக்காக மட்டுமே இந்த வகுப்பில் சேரலாம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து பந்தியைவிட்டு விலகிக்கொண்டதையும், எல்லாருக்கும் முன்பாகப் பவுல் அவரைக் கடிந்துகொண்டதையும் நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கிரியைகளினால், அதாவது செயல்களினால், மனுஷன் கடவுளுக்கு முன் நீதிமானாக்கப்படுவதில்லை என்ற மாபெரும் உபதேசம், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற இந்தப் பந்திச் சண்டையை ஒட்டித்தான் எழுதப்பட்டது என்பதை நான் ஒருபோதும் சேர்த்துப் பார்த்ததில்லை. அங்கிருந்து ஐயர் நம் ஊருக்கு வந்தார். சபைகளில் சாதி வேறுபாடுகளை முற்றிலும் கைவிட வேண்டும் என்று 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூர்ச் சபையில் எழுந்த கடும் எதிர்ப்பையும், ஆலயத்துக்குள் தனித்தனியாக உட்கார்ந்து, தனித்தனியாக இராப்போஜனத்துக்கு வந்த பழக்கத்தையும் விவரித்துவிட்டு, இன்று நம் கல்லறைத் தோட்டங்கள் எப்படி இருக்கின்றன என்று மட்டும் கேட்டார். கூடத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நியாயப்பிரமாணம் கிறிஸ்துவினிடத்தில் வழிநடத்துகிற ‘உபாத்தி’ என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்லும் இடத்துக்கு ஒரு வாரம் முழுவதும் ஒதுக்கப்பட்டது. உபாத்தி என்றதும் நமக்கு வாத்தியார் நினைவுதான் வரும். கிரேக்க மூலத்திலுள்ள சொல்லோ, வீட்டுப் பிள்ளையைக் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப்போய், அவன் நடத்தையைக் கண்காணித்து, தேவைப்பட்டால் கண்டித்துத் திருத்திய அடிமையைக் குறிக்கிறது. பிள்ளை வளர்ந்ததும் அவன் வேலை முடிந்துவிடுகிறது. அதனால் அவன் கெட்டவன் ஆகிவிடுவதில்லை. கட்டளைகளை வெறுக்காமலேயே அவற்றின்கீழ் அடங்கிக் கிடக்காமல் வாழலாம் என்பதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் கேட்டதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். யூதர்கள் எல்லாரும் புண்ணியக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள் என்பதுபோல இரண்டாம் வாரத்தில் வந்த சித்திரிப்பு நியாயமானதல்ல. பத்துக் கட்டளைகளே எகிப்திலிருந்து கிடைத்த விடுதலையை நினைவூட்டித்தான் தொடங்குகின்றன. அங்கும் மீட்பு முதலில், கட்டளை பிறகுதான். சட்டவாதம் நம் சபைகளிலேயே தாராளமாக விளையும்போது, அதை வேறொரு மதத்தாரின் தலையில் சுமத்துவது தவறு. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்னும் யாக்கோபின் நிருபத்துக்குக் கடைசி நாளில் கால் மணி நேரம்தான் கிடைத்தது. கிருபை என்றால் எப்படியும் வாழலாமா என்று ஓர் இளைஞர் உண்மையான தவிப்போடு கேட்டதற்கு, அன்பினால் கிரியை செய்கிற விசுவாசம் என்ற ஐந்தாம் அதிகார வசனத்தை வாசித்துக் காட்டியதோடு ஐயர் நிறுத்திக்கொண்டார். பதில் சரியானதுதான், ஆனால் அந்தப் பையனுக்கு அது போதவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

எங்களோடு கத்தோலிக்கர் சிலரும் படித்தார்கள். நாம் கிருபை என்பதை அவர்கள் அருள் என்கிறார்கள். 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன்களும் கத்தோலிக்கரும் நீதிமானாக்கப்படுதல் என்ற இதே உபதேசத்தைப் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டதை ஐயர் சொன்னபோது, அதைக் கேள்விப்பட்டிராதவர்கள் இரு பக்கத்திலும் இருந்தோம்.

குறிப்பேட்டில் அச்சுப்பிழைகள் உண்டு. வசனங்கள் முழுமையாக அச்சிடப்படாததால் வேதாகமத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். அடுத்த சுற்றுக்கு அம்மாவின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். கூடம் கீழ்த்தளத்திலேயே இருப்பதால், அவரைப்போல முழங்கால் வலி உள்ளவர்களும் சிரமமின்றி வரலாம்.