பவர் பட்டனைத் தொடாதவர்களுக்கு: எங்கள் வீட்டு மைக்ரோவேவ் அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது 20 லிட்டர் சோலோ மைக்ரோவேவ். கிரில் கிடையாது, சூடான காற்றைச் சுழற்றி வேகவைக்கும் கன்வெக்‌ஷன் கிடையாது. வாங்கப் போனபோது கடைக்காரர் கேக், பீட்சா, தந்தூரி என்று அடுக்கி கன்வெக்‌ஷனைத் தலையில் கட்டத்தான் பார்த்தார். மாதம் ஒரு கேக்காவது போடுகிற வீடென்றால் தாராளமாக அதை வாங்கலாம். எங்களுக்கு வேலை மிஞ்சின சாதத்தையும் குழம்பையும் சூடு பண்ணுவது, அப்பளம் சுடுவது, வேர்க்கடலை வறுப்பது. பல வருடமாக அதற்கு சோலோ போதுமானதாகவே இருக்கிறது.

நம் சமையலறைக்கு இதில் முதல் சிக்கல் பாத்திரம். எதை எடுத்தாலும் எவர்சில்வர், அது உள்ளே போகக் கூடாது. அலைகள் உலோகத்தைத் தாண்டாது, பட்டுத் திரும்பிவிடும். கூர்மையான விளிம்பிலும் சுவரை ஒட்டிய இடத்திலும் பொறி பறக்கும். தங்கக் கோடு போட்ட பீங்கான் கோப்பைக்கும் இதே கதிதான். மெலமைன் தட்டு வேறு ரகம்: சோற்றைவிடத் தட்டு அதிகமாகச் சுடும். ஆகவே மூடியோடு சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் கிண்ணங்கள் இரண்டு மூன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்று போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சாதம் சுடவைக்கலாம், மீன் குழம்பு வேண்டாம். தண்ணீர் 100 டிகிரியோடு நின்றுவிடும், மேலே மிதக்கிற எண்ணெய் நிற்காது. குழம்பு சூடு பண்ணிய டப்பாவைக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள்: எண்ணெய் நின்ற மட்டத்தில் சுற்றிலும் மஞ்சளேறி, விரல் வைத்தால் சொரசொரவென்று ஒரு கோடு இருக்கும். சூட்டில் பிளாஸ்டிக் வெந்த தழும்பு அது.

அடுத்தது, யாருமே தொடாத பவர் பட்டன், அதாவது சக்தியைக் கூட்டிக் குறைக்கிற பட்டன். பெரும்பாலான வீடுகளில் 30 வினாடி பட்டனை நாலு தட்டு தட்டுவதோடு சரி. பிறகு ‘ஓரமெல்லாம் கொதிக்குது, நடுவுல ஐஸ் மாதிரி இருக்கு’ என்று புகார். உள்ளே ஓடுவது 2,450 மெகாஹெர்ட்ஸ் அலை, நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அது சுவர்களில் மோதித் திரும்பும்போது சில இடங்களில் வலுக்கும், சில இடங்களில் செத்துப்போகும். தட்டு சுற்றுவது அதற்காகத்தான், ஆனாலும் முழுக்கச் சரியாகாது. அலை உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இறங்கும். நடுப்பகுதிக்குச் சூடு மெதுவாகப் பரவித்தான் போக வேண்டும். அதற்கு நேரம் தருவதுதான் பவர் குறைப்பு.

50 சதவீதம் வைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். மின்விசிறியும் தட்டும் நிற்காமல் ஓடும். கனமான ஒரு ரீங்காரம் மட்டும் சில வினாடி வரும், போகும். சக்தியையே கூட்டிக் குறைக்கும் ‘இன்வெர்ட்டர்’ நுட்பம் இல்லாத அடுப்புகள் பாதி சக்தியில் எரிவதில்லை; முழு சக்தியில் கொஞ்ச நேரம் ஓடி, கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கின்றன. அந்த ஓய்வில்தான் சூடு உள்ளே போகிறது. ஃபிரிட்ஜில் இருந்த சாதத்தை உதிர்த்து, கை நிறையத் தண்ணீர் தெளித்து, தட்டின் ஓரத்தில் வட்டமாகப் பரப்பி நடுவில் குழி விட்டு, மூடியை லேசாகத் திறந்து வைத்து 70 சதவீதத்தில் இரண்டு நிமிடம். அப்புறம் ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். புதிதாக வடித்ததுபோல் இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் விறைத்த பருக்கை ஒன்று இருக்காது. இட்லிக்கும் இதே வழிதான், மேலே ஈரத்துணி போர்த்தினால் போதும்.

தோசை, வடை, சப்பாத்தி மூன்றுக்கும் இது எதிரி. உள்ளே காற்று சூடாவதில்லை என்பதால் மொறுமொறுப்பு திரும்பாது; ஈரம் வெளியேறி, ஆறினதும் தோலாகிவிடும். அதற்குத் தோசைக்கல்தான். அப்பளம் மட்டும் அதிசயம்: இருபக்கமும் துளி எண்ணெய் தடவி வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் பொரிந்துவிடும். கடலையை நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி, நிறம் மாறத் தொடங்கும்போதே எடுத்துவிடுங்கள். வெளியே வந்த பிறகும் உள்சூட்டில் அது வறுபட்டுக்கொண்டேதான் இருக்கும்.

ஆபத்து என்றால் எல்லோரும் கதிர்வீச்சைச் சொல்கிறார்கள். அம்மா இன்னமும் அது ஓடும்போது இரண்டடி தள்ளித்தான் நிற்பார். கதவுக் கண்ணாடியில் உள்ள சல்லடைத் துளை 12 சென்டிமீட்டர் அலைக்கு மிகச் சிறியது, வெளியே வராது. அமெரிக்க விதிப்படி அடுப்பின் ஆயுள் முழுக்க, 5 சென்டிமீட்டர் தூரத்தில் கசிவு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. கதவு வளைந்தாலோ சரியாகப் பொருந்தாமல் ஆடினாலோதான் கவலைப்பட வேண்டும், அப்படியானால் ஓட்டாதீர்கள்.

நான் பயப்படுவது வெந்நீருக்கு. வழவழப்பான கண்ணாடிக் கிளாஸில் அதிக நேரம் வைத்த தண்ணீர் குமிழே விடாமல் 100 டிகிரியைத் தாண்டி நிற்கும். காபித்தூளைப் போட்டதும் மொத்தமும் சீறி முகத்தில் அடிக்கும். ஒரு மரக்கரண்டியைப் போட்டு வையுங்கள், அடுப்பு நின்றதும் அரை நிமிடம் பொறுங்கள். அவித்த முட்டையை முழுசாக வைக்கவே வேண்டாம், சில சமயம் கடிக்கும்போதுகூட வெடிக்கும். உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திவிட்டு வையுங்கள். குழந்தைக்குப் பால் இதில் சூடு பண்ணாதீர்கள்: புட்டி வெளியே இதமாக இருக்கும், உள்ளே ஒரு இடம் மட்டும் கொதித்துக் கிடக்கும்.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. கிண்ணம் தண்ணீரில் எலுமிச்சைத் துண்டு போட்டு மூன்று நிமிடம் ஓட்டி, ஐந்து நிமிடம் மூடி வைத்துத் துடைத்தால் எல்லாம் வந்துவிடும். உள்சுவரில் ஒரு பழுப்பு மைக்கா தகடு இருக்கிறதே, அதில் எண்ணெய் தெறித்து ஒட்டினால் அந்த இடம் கருகிப் பொறி விடும். எங்களுடையதும் அப்படிக் கருகியது. அளவுக்கு வெட்டிப் போட சில நூறு ரூபாய்கூட ஆகவில்லை. மேலே குரோஷா துணி போர்த்தி அழகு பார்க்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள், காற்றோட்டத் துளைகள் அடைபடும். சின்னக் கரப்பானுக்கு அந்த வெதுவெதுப்பு ரொம்பப் பிடிக்கும்; பட்டன் பலகைக்குள் குடியேறிவிட்டால் செலவுதான்.

கோடையில் ராத்திரி வோல்டேஜ் இறங்கும்போது அதே இரண்டு நிமிடத்தில் சாதம் வெதுவெதுப்பாகத்தான் வரும். அடுப்பு பழுதாகிவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் வோல்டேஜ் சரியாக இருக்கும் காலையில் ஒரு தடவை, கண்ணாடிக் கிளாஸில் மரக்கரண்டி போட்டு 200 மில்லி தண்ணீர் வைத்துப் பாருங்கள். 800 வாட் அடுப்பென்றால் ஒன்றரை, ஒன்றே முக்கால் நிமிடத்தில் கொதிக்க வேண்டும். கொதித்தால் கோளாறு மின்வாரியத்து லைனில். கொதிக்காவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், நீங்களே ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம்.