ஆறு மாதக் கோழிப்பண்ணை டிப்ளமோ: அக்கா மகனைச் சேர்த்துப் பார்த்ததில்

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். நம்பி விட்டுவிட்டு வெளியூர் போக ஒரு சூப்பர்வைசர் கிடைப்பதுதான் இங்கே பெரும்பாடு. கால்நடை மருத்துவம் ஐந்தரை வருடம் படித்தவர் என் கொட்டகையில் தீவன மூட்டை எண்ண வரமாட்டார். ஓசூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியில் கோழி வளர்ப்புக்கென்றே பி.டெக். இருக்கிறது, நான்கு வருடம் படித்துவிட்டு வருகிறவருக்கு நான் கொடுக்கும் சம்பளம் கட்டாது. அதனால் பன்னிரண்டாவது முடித்துச் சும்மா இருந்த அக்கா மகனை ஒரு தனியார் நிலையத்தில் ஆறு மாத டிப்ளமோவில் சேர்த்தேன். பெயர் வேண்டாம்.

போஸ்ட்மார்ட்டம் நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். செத்த கோழியைப் பையன் கூசாமல் அறுத்து, முன் இரைப்பையில் ரத்தப் புள்ளி தெரிந்தால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம் என்று டாக்டருக்குப் போன் போடுகிறான். தீவனக் கணக்கும் எக்செலில் போடுகிறான்.

அப்புறம் லசோட்டா, அதாவது வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் நாள் வந்தது. ஐந்து வாரக் குஞ்சுகள். காலையிலேயே தண்ணீரை நிறுத்தித் தாகம் எடுக்க விட்டான், சரி. மருந்துக் குப்பியை ஐஸ் பெட்டியிலேயே கொண்டுவந்தான், அதுவும் சரி. கலக்கிய தண்ணீர் மட்டும் மேல் டேங்கில் பிடித்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் அதில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தோம். உள்ளே இருப்பது உயிருள்ள வைரஸ், குளோரின் பட்டால் செத்துவிடும். குளோரினை முறிக்கத் தண்ணீரில் கலக்கும் பால் பவுடர் பாக்கெட்டோ பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. ஆயிரம் டோஸ் குப்பி இரண்டு வீண்.

"ஏன்டா, இதெல்லாம் சொல்லித் தரலையா?"

"அட்டவணை பூராம் மனப்பாடமுங்க மாமா. தண்ணியப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க."

விசாரித்தால், ஆறு மாதத்தில் அவன் பண்ணைக்குள் இருந்தது 9 நாள். அதுவும் வேனில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

என் ஆதங்கம் இதுதான். ஒரு நாள் குஞ்சு 19, 20 வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும். ஆறு மாதம் என்றால் 26 வாரம். சேர்க்கை அன்றைக்கே ஒரு பண்ணையில் குஞ்சு இறக்கி, அந்தக் கூட்டத்தோடு பாடத்தை நடத்தினால் குஞ்சுக்குப் புரூடரில் சூடு காட்டுவது, அலகு வெட்டுவது, தடுப்பு மருந்து, கூண்டு மாற்றுவது, முதல் முட்டை எல்லாமே பையன் கண்முன்னால் நடக்கும். தடுக்கி விழுந்தால் பண்ணை இருக்கிற ஊர் இது. நிலையத்துக்குப் போன் போட்டும் சொன்னேன். "பரிசீலிக்கிறோம் சார்" என்றார்கள்.

இந்தியும் நாலு வார்த்தை சொல்லித் தரலாம். என் கொட்டகையில் வேலை செய்வது முக்கால்வாசி பீகார், ஒடிசா பையன்கள்.

கட்டணம் 35,000 ரூபாய், விடுதி தனி. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதில் ஒன்றரை அந்த போஸ்ட்மார்ட்டம் வாத்தியாருக்கு. அடுத்த மாதம் புதுக் குஞ்சு இறங்குகிறது. பையனுக்குக் கட்டிலைப் புரூடர் ஷெட் வாசலிலேயே போடச் சொல்லியிருக்கிறேன்.