தள்ளுபடி மேசையா, பழைய புத்தக அலமாரியா?

தனிநபர் நடத்தும் புத்தகக் கடைகளில் மலிவாக வாங்க இரண்டு இடங்கள் உண்டு. இரண்டிலும் விலை குறைவுதான், ஆனால் சரக்கு வேறு.

தள்ளுபடி மேசையில் இருப்பவை பெரும்பாலும் யாரும் படிக்காத புதுப் பிரதிகள். எதிர்பார்த்த அளவு விற்காததால் பதிப்பகம் மலிவாகத் தள்ளிவிட்டவை. முழு விலைப் பிரதி என்று யாரும் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பிவிடாமல் இருக்க, பக்க ஓரத்தில் மைக்கோடு போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம், உள்ளே ஒரு எழுத்தும் கெடாது. பெரிய படப் புத்தகங்களும் பரிசுப் புத்தகங்களும் வாங்க இதுவே நல்ல இடம்.

என் மனம் மட்டும் பழைய அலமாரிப் பக்கமே போகும். அச்சில் இல்லாத நூல் அங்கேதான் அகப்படும். நூலை அடையாளம் காண அதற்குத் தரப்படும் ஐ.எஸ்.பி.என். எண் 1970-க்குப் பிறகுதான் பரவலானது. அதற்கு முந்தைய நூல்களை இணையத்தில் தேடிப் பிடிப்பது சிரமம். அலமாரி முன்னால் நின்றால் நூலின் முதுகைப் பார்த்தே எடுத்துவிடலாம். முன்பு படித்தவர் ஓரத்தில் எழுதிய குறிப்பு எனக்குத் துணை மாதிரி.

ஆனால் பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள். தாள் பழுப்பது மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருளால், அது பரவாயில்லை. பூஞ்சை வாடை அடித்தால் வைத்துவிடுங்கள், வீட்டிலுள்ள மற்ற புத்தகங்களுக்கும் தொற்றும். தையல் விட்டிருக்கிறதா, பக்கம் விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று: பழைய பிரதி விற்றால் எழுத்தாளருக்குப் பொதுவாக எதுவும் போகாது, தள்ளுபடியிலும் அநேகமாக அப்படியே. அதனால் உயிரோடு எழுதிக்கொண்டிருப்பவரின் புது நூலை நான் முழு விலைக்கே வாங்குகிறேன்.