படகு ஸ்டீரியோ: வயருக்குப் போட்ட காசுதான் இன்னும் பாடுகிறது

பினாங்கின் பத்து மாவுங் ஊரில் நிற்கும் எங்கள் படகு 21 அடி ஃபைபர் படகு. பின்னால் 115 குதிரைத்திறன் அவுட்போர்டு இஞ்சின். நானும் என் மச்சானும் சேர்ந்து பழையதாக வாங்கியது. வாங்கும்போதே அதில் ஒரு கார் ரேடியோவும் இரண்டு கார் ஸ்பீக்கரும் இருந்தன. ரேடியோ பட்டன்கள் உப்பில் இறுகிக் கிடந்தன. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஊறி நைந்து, எந்தப் பாட்டைப் போட்டாலும் கறகறவென்றுதான் வந்தது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மரைன் செட் பொருத்தினோம்: ஃபியூஷன் ஹெட் யூனிட் (பாட்டைப் போடும் ரேடியோப் பெட்டி), நான்கு சேனல் கிளாஸ் டி ஆம்ப் (கரன்ட்டை அதிகம் வீணாக்காத ஆம்ப்ளிஃபையர்), ஆறரை அங்குல ஸ்பீக்கர் நான்கு, தனியாக ஒரு பேட்டரி.

பொருத்தி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாங்கிய வாரத்தில் எல்லா செட்டும் நன்றாகத்தான் பாடும். பினாங்கு வெயிலையும் ஆண்டுக் கடைசி மழையையும் தாண்டி எது நிற்கிறது என்பதுதான் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசை முதலில் வயரிலும் பேட்டரியிலும் போடுங்கள், அப்புறம் ஸ்பீக்கர், ஹெட் யூனிட் கடைசி. கடையில் இதைத் தலைகீழாகத்தான் விற்பார்கள்.

பழைய வயரைப் பிடுங்கியபோது ஒரு துண்டை வெட்டி உறையை உரித்துப் பார்த்தேன். முனையில் பச்சைக் களிம்பு. அது எல்லாப் படகிலும் இருப்பதுதான். ஆனால் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டினாலும் உள்ளே செம்பு இழைகள் கறுத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தன. வெளியே உறையில் ஒரு கீறல்கூட இல்லை. உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவில் உள்ளுக்குள்ளேயே ஏறிப்போகிறது. அதனால்தான் படகுக்கு ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வேண்டும். சாதாரண வயரைவிட விலை கூடுதல்தான். எங்களுக்கு வேலை செய்து கொடுத்தவர் பிறை (Prai) ஊரில் கார் ஆடியோ பார்க்கும் தம்பி. "அண்ணே, ஸ்பீக்கர உங்களுக்குப் புடிச்சதா வாங்குங்க, வயர மட்டும் நான் சொல்றதா வாங்குங்க" என்றார். போன மாதம் ஒரு இணைப்பைத் திறந்து பார்த்தோம். இழைகள் இன்னும் வெள்ளியாக மின்னுகின்றன.

வயரின் தடிமனும் முக்கியம். எங்கள் படகில் பேட்டரியிலிருந்து ஆம்புக்கு நான்கு மீட்டர். போக வர எட்டு மீட்டர். ஆம்ப் 30 ஆம்பியர் இழுக்கும்போது 6 சதுர மில்லிமீட்டர் வயரில் கிட்டத்தட்ட 0.7 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் கால் வோல்ட்தான் போகும். 12 வோல்ட்டில் ஓடும் பொருளுக்கு இந்த அரை வோல்ட் பெரிய விஷயம். சத்தத்தைக் கூட்டும்போது பாட்டு தட்டையாகிப் பிசிறடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம், பழி மட்டும் ஸ்பீக்கர் மேல் விழும்.

இணைப்புகளில் ஈயப் பற்று வைக்கவில்லை, எல்லாமே கிரிம்ப், அதாவது உலோக முனையை வயரோடு நசுக்கி இறுக்குவது. பற்று வைத்த இடம் விறைத்துப்போகும். படகு அலையில் அடித்து அடித்து அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் வயர் முறியும். கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுட்டு ஒட்டினால் ஈரம் நுழையாது. மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்கப் படகுத் தரநிலையான ஏபிஒய்சி பொதுவாக 7 அங்குலம் என்கிறது. ஃபியூஸ் ஆம்ப் பக்கத்தில் இருந்தால் ஆம்புக்குப் பாதுகாப்பு, பேட்டரியிலிருந்து அங்கே வரை உள்ள வயருக்கு ஒன்றுமில்லை. பெட்ரோல் டேங்க் இருக்கும் படகில் அந்த வயர் உரசி ஷார்ட் ஆனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் யாரும் உங்களைச் சமாதானம் செய்ய விடாதீர்கள்.

இரண்டாவது பேட்டரிக்காக மச்சானோடு ஒரு வாக்குவாதமே நடந்தது. அவருக்கு சப்வூஃபர் வேண்டும். "வயித்துல அதிரணும் மச்சான், இல்லன்னா எதுக்குப் பாட்டு?" நான் பேட்டரியைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். ரிமாவ் தீவுப் பக்கம் நங்கூரம் போட்டு இஞ்சினை அணைத்துவிட்டால், பேசிக்கொண்டே கேட்கும் சத்தத்தில் எங்கள் செட் சுமார் 5 ஆம்பியர் இழுக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு 20 ஆம்பியர் ஹவர். இஞ்சினைக் கிளப்பும் பேட்டரி இதற்குச் செய்யப்பட்டதல்ல. ஒரு நொடியில் நிறையக் கொடுக்கும், மெல்ல மெல்ல உறிஞ்சினால் சீக்கிரம் கெடும். 115 குதிரைத்திறன் இஞ்சினைக் கயிறு இழுத்துக் கிளப்புவதும் லேசல்ல.

ஆகவே பாட்டுக்குத் தனியாக 100 ஆம்பியர் ஹவர் ஏஜிஎம் (மூடி முத்திரையிட்ட ஈய அமில வகை) பேட்டரி. இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் பார்த்து இணைக்கும் ரிலே. இஞ்சின் ஓடி வோல்டேஜ் 13.3க்கு மேல் ஏறினால் இரண்டையும் சேர்க்கும், 12.8க்கு இறங்கினால் பிரித்துவிடும். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் மட்டும் ஸ்டார்ட் பேட்டரியில் நேராக இருக்கிறது, எந்த ஸ்விட்சுக்கும் கட்டுப்படாமல். பினாங்கில் ஒரு ராத்திரி மழை கொட்டினால் படகுத்துறையில் நிற்கும் படகில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பம்ப் ஓட வேண்டிய கரன்ட்டைப் பாட்டு தின்றுவிடக் கூடாது. மச்சான் கடைசியில் ஒத்துக்கொண்டது இந்தக் காரணத்துக்காகத்தான்.

சத்தம் எப்படி என்றால், இங்கேதான் நான் நிறைய கற்றுக்கொண்டேன். அட்டைப்பெட்டியில் 400 வாட்ஸ் என்று போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய பவர். ஹெட் யூனிட்டில் '4×50' என்று எழுதியிருந்தாலும், 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குப் பிசிறில்லாமல் போகக்கூடியது ஒரு சேனலுக்கு 26 வாட்தான், கணக்கே அவ்வளவுதான் விடும். திறந்த படகில் சுவர் கிடையாது, சத்தம் போனால் போனதுதான். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறைகிறது. பவரை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். அதனால் பெரிய ஆம்ப் தேடுவதைவிட ஸ்பீக்கரை உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைப்பதுதான் லாபம். எங்கள் நான்கில் இரண்டு கன்சோலில் (ஸ்டீயரிங் இருக்கும் மேடை), கால் முட்டி உயரத்தில். மற்ற இரண்டு பின் இருக்கையின் இரு பக்கமும்.

நான் சோதித்துப் பார்த்தது உறுமி மேளத்தில். நம் ஊர் தைப்பூசத்தில் செல்பேசியில் பதிவு செய்து வைத்தது. முதலில் ஸ்பீக்கரைப் பக்கச் சுவரில் ஓட்டை போட்டுச் சும்மா திருகிப் போட்டுக் கேட்டோம். குச்சி தோலில் படும் அடி மட்டும் டக் டக்கென்று வந்தது, உறுமியின் அந்த இழுவையான முக்கல் காணவே இல்லை. கூம்புக்குப் பின்னால் எழும் அலை, பக்கச் சுவரின் உள்வெளி வழியாகச் சுற்றி வந்து முன்னால் எழும் அலையை அடித்துவிடுகிறது. பேஸ் எல்லாம் அங்கேயே செத்துவிடும். பின்பக்கம் ஃபைபரில் சின்னப் பெட்டி செய்து மூடி, விளிம்பில் ஃபோம் கேஸ்கெட் வைத்து இறுக்கினார் தம்பி. அதே பதிவு, அதே சத்த அளவு. உறுமி உறுமியது. மச்சான் சப்வூஃபர் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டார். ஆம்பில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி வைத்திருக்கிறோம், ஆறரை அங்குலக் கூம்பு அதற்குக் கீழே வீணாகத்தான் திணறும்.

கன்சோலில் ஸ்பீக்கர் வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஸ்பீக்கர் காந்தம் திசைகாட்டியை இழுக்கும். ஸ்பீக்கரைத் திருகுவதற்கு முன் நினைத்த இடத்தில் கையால் பிடித்துக்கொண்டு ஊசி அசைகிறதா என்று பார்த்தோம். ஒரு பக்கம் நன்றாகவே அசைந்தது, அதனால் கீழே இறக்கினோம். ஜிபிஎஸ் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

ரேடியோவைப் பற்றிக் கொஞ்சம். பாட்டு எல்லாம் ப்ளூடூத்தில் போனிலிருந்துதான். ஆனால் காலையில் மின்னல் எஃப்எம் இல்லாமல் எனக்கு மீன் பிடிக்கப் போன மாதிரியே இருக்காது. கார் ஆன்டெனாவைப் படகில் வைத்தால் இழுக்காது. காருக்கு இரும்பு உடம்பே பாதி ஆன்டெனா, ஃபைபர் படகுக்கு அது இல்லை. தனியாக மரைன் எஃப்எம் ஆன்டெனா வாங்கினோம், கெண்டி தீவுப் பக்கம்கூடத் தெளிவாக வருகிறது. ஆன்லைனில் அமெரிக்க செட் வாங்கினால் ட்யூனரில் எந்த நாட்டுக்கு என்ற செட்டிங்கை மாற்ற வேண்டும், அங்கே எஃப்எம் 0.2 மெகாஹெர்ட்ஸ் படியில் தாவும், இங்குள்ள சில நிலையங்கள் சிக்காது. ஹெட் யூனிட்டைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை, வேலை செய்கிறது. ஃபியூஷன் நியூஸிலாந்தில் தொடங்கிய நிறுவனம், 2014இல் ஜிபிஎஸ் கருவிகள் செய்யும் கார்மின் வாங்கியது. கார்மின் திரை வைத்திருப்பவர்கள் அதிலிருந்தே பாட்டை மாற்றலாம்.

எனக்கு வருத்தம் தந்தது ஸ்பீக்கர்கள்தான். பெயர் சொல்ல விரும்பவில்லை. 'ஐபிஎக்ஸ் 7' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதற்கு அர்த்தம் ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான். உப்பைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லாது. ஒரு வருஷம் முடிவதற்குள் இரண்டு ஸ்பீக்கரின் கிரில் திருகில் துரு பூத்து, வெள்ளைச் சுவரில் பழுப்புக் கோடாக வழிந்தது. விற்றவர் "கடல்ல அப்படித்தான் சார்" என்று கைவிரித்துவிட்டார். கடலுக்கென்று விற்ற பொருளுக்கு அந்தப் பதில் எனக்கு ஆறவே இல்லை. திருகுகளை உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றினோம், அதன்பின் துரு இல்லை. வாங்கும்போது உப்புப்பனிச் சோதனை ஏஎஸ்டிஎம் பி117, புற ஊதாச் சோதனை ஏஎஸ்டிஎம் டி4329 இரண்டும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் நிற்கும் படகுக்கு இரண்டாவதுதான் முக்கியம், கூம்பின் ரப்பர் விளிம்பு வெடிப்பது அதனால்தான்.

ஃபெரி பாதையைக் கடக்கும்போதும், கப்பல் கண்ணில் படும்போதும் நாங்கள் பாட்டை நிறுத்திவிடுகிறோம். 1972இன் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாம் விதி கண்ணால் மட்டுமல்ல, காதாலும் காவல் காக்கச் சொல்கிறது. ஐந்து குறுகிய ஊதல் கேட்டால், உங்கள் போக்கு அவர்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். ஆபத்து அழைப்பு வரும் கடல் ரேடியோவின் விஎச்எஃப் 16ஆம் சேனலும் காதில் விழ வேண்டும். மியூட் பட்டன் ஸ்டீயரிங் பக்கத்திலேயே, பார்க்காமல் கை போகும் இடத்தில் இருக்கட்டும்.

பராமரிப்பு என்றால், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஈரத்துணியால் கிரில்லைத் துடைப்போம், பிரஷர் பம்ப் அடிக்க மாட்டோம். ஹெட் யூனிட்டுக்கு மூடி. மழைக்காலத்துக்கு முன்னால் எல்லா இணைப்பிலும் ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் புதிதாகத் தடவுவோம். வெயில் நேராக விழும் பின் ஸ்பீக்கர் ஒன்றில் ரப்பர் விளிம்பு மெல்ல வெளிறத் தொடங்கியிருக்கிறது. அடுத்த வருஷம் அந்த ஜோடியை மாற்ற வேண்டியிருக்கும். வயர், பெட்டி, ஃபியூஸ் எதையும் தொட வேண்டாம், நான்கு திருகும் ஒரு பிளக்கும்தான் வேலை.